போட்டியாளர்கள் சேர்ந்து வாங்கிய தராசு: மூளை ஆய்வுக்கு அரசும் தனியாரும் பணம் போட்ட விதம்

ஒரே தெருவில் ஒரே வகைப் பொருளை விற்கும் இருபது வர்த்தகர்கள் ஒன்று சேர்ந்து ஒரு பெட்டியில் பணம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தால் கிடைக்கும் பயன் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு சதமேனும் போடாத இருபத்தோராவது கடைக்காரரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். இப்படியொரு யோசனையை எமது வர்த்தகர் சங்கக் கூட்டமொன்றில் யாராவது முன்வைத்தால் என்ன பதில் கிடைக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் 2004ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் உலகின் மிகப் பெரிய மருந்துக் கம்பனிகள் இதைத்தான் செய்தன. பைசர், மேர்க், ஈலை லில்லி, நொவார்ட்டிஸ், ரோஷ், கிளாக்சோ ஸ்மித்க்ளைன், ஜப்பானின் எய்சாய் என்று ஒன்றையொன்று சந்தையில் முறியடிக்கத் துடிக்கும் கம்பனிகள், அரசாங்கத்தோடு சேர்ந்து ஒரே பெட்டியில் பணம் போட்டன. அது தர்மமாகக் கொடுத்த பணமல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்த முதலீடு.

அரச தனியார் பங்குடைமை என்றவுடன் எமக்கு ஞாபகம் வருவது துறைமுகமும் அதிவேகப் பாதையும் மின் நிலையமும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அதாவது மனித மூளையைப் பற்றிய அறிவைத் தேடுவதற்கு அத்தகைய ஒரு கூட்டு எவ்வாறு அமைக்கப்பட்டது, அதில் யார் என்ன போட்டார்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்பதை வியாபாரக் கண்ணோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தராசு இல்லாத வியாபாரம்

வயது முதிர்ந்த பெற்றோர் படிப்படியாக ஞாபகத்தை இழந்து, கடைசியில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துபோகும் நிலையை டிமென்ஷியா என்று வைத்தியர்கள் அழைக்கிறார்கள். அதில் மிகவும் பரவலானது அல்சைமர் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். அவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2019இல் இந்நோய் உலகுக்கு ஏற்படுத்திய செலவு 1.3 ட்ரில்லியன் டொலர், அதாவது 1 இலட்சத்து 30 ஆயிரம் கோடி டொலர். இதில் ஏறத்தாழ அரைவாசி எந்தப் பற்றுச்சீட்டிலும் வராத செலவு. மனைவியும் மகளும் மருமகளும் சம்பளமின்றிச் செய்யும் பராமரிப்பின் பெறுமதி அது.

இவ்வளவு பெரிய தேவை இருக்கும்போது மருந்து கண்டுபிடிக்கக் கம்பனிகள் போட்டியிட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் விளைவு மிக மோசமாக இருந்தது. 2002 முதல் 2012 வரையான காலத்தில் அல்சைமர் நோய்க்காக 244 மருந்துப் பொருட்கள் மனிதர்களில் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். எந்த வியாபாரத்திலும் இருநூறு முறைக்கு மேல் முதலிட்டு ஒரு முறை மட்டும் பணம் திரும்பினால் அந்த வியாபாரத்தில் யார் நிலைத்திருப்பார்கள்?

தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. நோயின் மூலகாரணம் பற்றிய விளக்கம் போதாமலிருந்தது. அதற்கு மேலதிகமாக ஓர் அடிப்படைக் குறைபாடும் இருந்தது. நோயை அளக்கும் கருவி கிடையாது. சீனி வியாதிக்கு இரத்தத்தில் சீனியை அளக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு ஒரு பட்டியைக் கையில் கட்டினால் போதும். அல்சைமர் நோய்க்கோ, ஞாபகசக்தியைச் சோதிக்கும் கேள்விகள்தான் இருந்தன. முதல் நாள் இரவு தூங்காத ஒருவர் அடுத்த நாள் குறைந்த புள்ளி பெறுவார். நன்றாகத் தூங்கினால் கூடிய புள்ளி பெறுவார். ஒருவருக்கு இருந்தது உண்மையில் அல்சைமர்தானா என்பதை, அவர் இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இதனால் ஏற்பட்ட நட்டத்துக்கு ஓர் உதாரணத்தைக் கூறலாம். பைசர், ஜோன்சன் அண்ட் ஜோன்சன் ஆகிய இரு பெரும் கம்பனிகள் பெபினியூசுமாப் என்ற மருந்தைப் பெருந்தொகை செலவிட்டுப் பரிசோதித்தன. மூளையில் படியும் அமிலோயிட் என்ற புரதத்தை அகற்றுவதே அம்மருந்தின் வேலை. 2012இல் அது தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் பார்த்தபோது, இந்நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கூறு இல்லாத நோயாளர்களில், ஸ்கேன் செய்யப்பட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் மூளையில் அந்தப் புரதமே போதிய அளவு படிந்திருக்கவில்லை. சுருங்கச் சொன்னால், இல்லாத அழுக்கைக் கழுவச் சவர்க்காரம் கொடுத்துவிட்டு, சவர்க்காரம் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்வி ஒருபுறமிருக்க, அதை நிறுத்துப் பார்க்கும் தராசு சரியாக இருக்கவில்லை.

ஏன் தனியே செய்ய முடியவில்லை?

அப்படியானால் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு தராசைச் செய்துகொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது, செலவும் காலமும். நோயில்லாதவர், சிறிதளவு மறதியுள்ளவர், நோய் முற்றத் தொடங்கியவர் என்று நூற்றுக்கணக்கானோரைப் பல வருடங்கள் பின்தொடர வேண்டும். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை அவர்களின் மூளையைப் படம் பிடிக்க வேண்டும். இரத்தத்தையும் முள்ளந்தண்டு நீரையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு மருந்துகூடக் கொடுக்காமல், நோய் தானாக எப்படி முன்னேறுகிறது என்பதை மட்டும் அறிவதற்காக. விற்பதற்குப் பொருளே இல்லாத இந்த வேலையில் எந்தக் கம்பனியின் பங்குதாரர் பணம் போடச் சம்மதிப்பார்?

இரண்டாவது, நம்பிக்கை. பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரம் செய்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல் சூடு காட்டப்பட்டதா இல்லையா என்பதற்கு விற்பவரே எழுதிக் கொடுக்கும் சான்றிதழை வெளிநாட்டிலிருந்து வரும் வாங்குபவர் ஏற்பதில்லை. இரு தரப்புக்கும் வேண்டாத மூன்றாவது ஆய்வுகூடம் கொடுக்கும் சான்றிதழுக்குத்தான் மதிப்பு. அதுபோலவே, ஒரு கம்பனி தானே செய்த அளவுகோலால் தன் மருந்தை அளந்து காட்டினால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோலே முத்திரை குத்திய படிக்கல்.

இந்தத் தேவையை இரு தரப்பையும் அறிந்த இருவர் பேசிக்கொண்டபோதுதான் காரியம் ஆரம்பமானது. ஒருவர் அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவகத்தின் அதிகாரி நீல் பக்ஹோல்ட்ஸ். மற்றவர் ஈலை லில்லி கம்பனியின் விஞ்ஞானி வில்லியம் பொட்டர். காரில் ஒன்றாகப் பயணம் செய்கையில் நடந்த உரையாடலில் இந்த யோசனை பிறந்ததாக அவர்கள் பின்னர் கூறியுள்ளனர். அது உருப்பெற்று 2004இல் 'அல்சைமர் நோய் நரம்புப் படமாக்கல் முன்முயற்சி' என்ற பெயரில் ஆரம்பமானது. ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்து அட்னி என்று அழைப்பர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த வைத்தியர் மைக்கல் வைனர் அதற்குத் தலைமை தாங்கினார்.

பெட்டியில் யார் எவ்வளவு போட்டார்கள்?

முதற் கட்டத்தின் மொத்தச் செலவு 6 கோடி 70 இலட்சம் டொலர். இதில் 4 கோடி டொலர் அரசாங்கத்தினுடையது. மிகுதி 2 கோடி 70 இலட்சம் டொலரை 20 கம்பனிகளும் இரண்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து கொடுத்தன. கம்பனிகளுள் மருந்து உற்பத்தியாளர்கள் மட்டுமன்றி, ஸ்கேன் இயந்திரம் விற்கும் ஜீ.ஈ. ஹெல்த்கெயாரும் இருந்தது. அளக்கும் முறை பரவினால் அளக்கும் இயந்திரம் விற்கும் அல்லவா?

கம்பனிகளின் பணம் நேராக விஞ்ஞானிகளின் கைக்குப் போகவில்லை என்பது கவனிக்க வேண்டிய விடயம். அமெரிக்க காங்கிரஸ் 1990இல் சட்டத்தின் மூலம் ஏற்படுத்திய, தேசிய சுகாதார நிறுவகத்துக்கான அறக்கட்டளை ஒன்று உண்டு. தனியாரிடமிருந்து பணத்தைப் பெற்று ஆய்வுக்கு ஒப்படைப்பது அதன் பணிகளுள் ஒன்று. கொடுப்பவருக்கும் செலவழிப்பவருக்கும் இடையில் ஒரு சுவராக அது நின்றது. பணம் கொடுத்த கம்பனி விஞ்ஞானியைத் தொலைபேசியில் அழைத்து எனக்குச் சாதகமாக முடிவை எழுது என்று சொல்ல வழியில்லை. கம்பனிகளின் விஞ்ஞானிகள் கூடிக் கலந்துரையாடத் தனிச் சபையொன்றும் அமைக்கப்பட்டது. அங்கே அளவை முறைகள் பற்றிப் பேசலாம். தத்தமது மருந்துகள் பற்றிப் பேச அது இடமல்ல.

அரசு, கம்பனிகள் என்ற இரு பங்காளிகளோடு கணக்குப் புத்தகத்தில் தொகை எழுதப்படாத மூன்றாவது பங்காளியும் இருந்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களில், 55 முதல் 90 வயது வரையான 800க்கும் அதிகமான சாதாரண மனிதர்கள் தம்மைப் பரிசோதனைக்கு ஒப்படைத்தார்கள். அவர்களுக்கு மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. தமக்குச் சுகம் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டே ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேர் முதுகில் ஊசி ஏற்றி முள்ளந்தண்டு நீர் எடுக்கவும் சம்மதித்தார்கள். இறந்த பின் தமது மூளையை ஆய்வுக்குக் கொடுக்க எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. கோடிக்கணக்கான டொலர் இருந்தும் இவர்கள் வராவிட்டால் அந்தக் கூட்டில் எதுவும் நடந்திருக்காது.

எது பொது, எது தனி?

அட்னியின் உயிர்நாடி அதன் ஒப்பந்த விதிதான். சேகரிக்கப்படும் தரவுகள் யாருக்கும் சொந்தமல்ல. அவற்றின் மீது எவரும் காப்புரிமை கோர முடியாது. தகுதியுள்ள எந்த ஆய்வாளரும், அவர் எந்த நாட்டவராயினும், எந்தக் கம்பனியில் வேலை செய்பவராயினும், விண்ணப்பித்து அவற்றைப் பெறலாம். பணம் கொடுத்த கம்பனிக்கு ஒரு நாள் முன்னதாகக்கூடக் கிடைக்காது.

அப்படியானால் பணம் கொடுத்தவருக்கு என்ன இலாபம்? அளவுகோல் எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் அவருக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. தனியாகச் செய்தால் முழுச் செலவையும் தாங்க வேண்டியிருந்ததை, இருபதில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடக்குறையவோ கொடுத்துப் பெற்றுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் மருந்தின் இரகசியம் எதையும் அவர் வெளியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தராசு பொது, சரக்குத் தனி. இந்த எல்லைக் கோடு தெளிவாக இருந்தபடியால்தான் போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

அந்தத் தராசைச் செய்வதும் இலேசான வேலையாக இருக்கவில்லை. ஒரு வைத்தியசாலையில் ஜீ.ஈ. இயந்திரம், இன்னொன்றில் சீமென்ஸ், வேறொன்றில் பிலிப்ஸ். ஒரே மூளையை மூன்றிலும் படம் பிடித்தால் அளவுகள் சிறிது சிறிதாக வேறுபடும். ஆகவே அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரிப் பொருளை ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்கேன் செய்து இயந்திரங்களைச் சரிபார்த்தார்கள். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கிளிபர்ட் ஜேக் என்பவரின் குழு இவ்வேலைக்குப் பொறுப்பாக இருந்தது. கடையில் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்க்கும் அதே வேலைதான் இது.

கிடைத்த பலன்

பலன் மெதுவாக வந்தது. மூளையில் அமிலோயிட் படிவது ஞாபகமறதி தென்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே ஆரம்பமாகிறது என்பதை உறுதிப்படுத்தியதில் அட்னித் தரவுகளுக்குப் பெரும் பங்குண்டு. முள்ளந்தண்டு நீரில் எந்தப் புரதம் எந்த அளவில் இருந்தால் நோயைச் சந்தேகிக்கலாம் என்பதற்கான எல்லைகள் வகுக்கப்பட்டன. இத்தரவுகளைக் கொண்டு உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. 2006இல் அவுஸ்திரேலியாவில் இதே மாதிரியான ஆய்வொன்று தொடங்கப்பட்டது. ஜப்பானும் அதே வழியைப் பின்பற்றியது.

தனியார் வியாபாரமும் நடந்தது. ஏவிட் ரேடியோபார்மசூட்டிகல்ஸ் என்ற சிறிய கம்பனி, உயிருள்ளவரின் மூளையில் படிந்த அமிலோயிட்டை பெட் ஸ்கேனில் காட்டும் ஒரு பொருளைத் தயாரித்தது. அட்னியின் பின்னைய கட்டத்திலும் அது பயன்படுத்தப்பட்டது. 2010இல் ஈலை லில்லி அந்தச் சிறிய கம்பனியை முற்பணமாக 30 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2012இல் அந்தப் பொருளுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. பின்னைய கட்டத்தில் பணம் போட்டவர்களில் ஒன்றான ஜப்பானின் ஃபுஜிரெபியோ கம்பனி தயாரித்த இரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனையொன்றுக்கு அந்நாட்டில் கிடைத்த முதலாவது அனுமதி அதுவாகும்.

மருந்து வந்ததா? எய்சாய், பயோஜென் கம்பனிகளின் லெகனெமாப் என்ற மருந்து 2023 ஜூலையில் அமெரிக்காவின் முழு அனுமதியைப் பெற்றது. அதைக் கண்டுபிடித்தது அட்னி அல்ல. ஆனால் அதன் பரிசோதனையில் சேர்க்கப்பட்ட 1,795 பேருக்கும் மூளையில் அமிலோயிட் இருப்பது முதலிலேயே உறுதிசெய்யப்பட்டது. முன்னைய தலைமுறை செய்த தவறு திரும்ப நடக்கவில்லை. தராசின் பயன் இதுதான். எனினும் மிகைப்படுத்தலாகாது. அம்மருந்து நோயைச் சுகப்படுத்துவதில்லை. 18 மாதங்களில் நோயின் சரிவை 27 சதவீதத்தால் மந்தப்படுத்தியது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்படுவதால் அடிக்கடி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கூட்டில் மூன்று வகை

மூளை ஆய்வுக்கு அரசும் தனியாரும் சேர்வதற்கு அட்னி ஒன்றே வழியல்ல. குறைந்தது மூன்று வகைகளை நாம் காணலாம்.

முதலாவது, அட்னியைப் போன்ற பொதுப் பெட்டி. எல்லோரும் ஒன்றில் போட்டு ஒன்றாகச் செலவழிப்பது. 2014இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகமும் 10 மருந்துக் கம்பனிகளும் சில அறக்கட்டளைகளும் ஐந்து வருடங்களுக்குச் சுமார் 23 கோடி டொலர் திரட்டி ஆரம்பித்த 'மருந்துகளை விரைவுபடுத்தும் பங்குடைமை'யும் இவ்வகையே. அல்சைமர் அதன் முதல் மூன்று துறைகளுள் ஒன்றாக இருந்தது.

இரண்டாவது, தனித்தனிப் பெட்டி, ஒரே பாதை. 2013 ஏப்ரல் 2ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி பராக் ஒபாமா அறிவித்த 'பிரெய்ன்' முன்முயற்சி இதற்கு உதாரணம். மூளையின் கலங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதைக் காணும் கருவிகளை உருவாக்குவது அதன் நோக்கம். முதல் வருடத்துக்கு மூன்று அரச நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 11 கோடி டொலரை ஒதுக்குவதாகக் கூறின. அலன் நிறுவகம் வருடத்துக்கு 6 கோடி டொலரும், ஹொவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவகம் வருடத்துக்குக் குறைந்தது 3 கோடி டொலரும், கவ்லி மன்றம் பத்து வருடங்களுக்கு வருடந்தோறும் 40 இலட்சம் டொலரும் இதே துறையில் செலவிட முன்வந்தன. பெட்டியின் திறப்பு அவரவர் கையிலேயே இருந்தது.

மூன்றாவது, இலாப நட்டத்தில் பங்கு. 2015இல் பிரித்தானியாவில் 10 கோடி டொலருடன் ஆரம்பிக்கப்பட்ட டிமென்ஷியாக் கண்டுபிடிப்பு நிதியத்தில் பிரித்தானிய அரசும், ஒரு தர்ம ஸ்தாபனமும், பல மருந்துக் கம்பனிகளும் முதலிட்டன. புதிய யோசனையோடு வரும் சிறு கம்பனிகளின் பங்குகளை நிதியம் வாங்கும். வெற்றி கிடைத்தால் இலாபம் பகிரப்படும். தோற்றால் நட்டமும் பகிரப்படும். 2017இல் பில் கேட்ஸ் தமது சொந்தப் பணத்திலிருந்து 5 கோடி டொலர் போட்டார். 2018இல் நிதியம் 35 கோடி டொலராக வளர்ந்தது. அதே 2018 ஜனவரியில்தான் பைசர் கம்பனி தனது சொந்த நரம்பியல் ஆய்வுப் பிரிவை மூடிச் சுமார் 300 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. தனியே முடியாதென்று கைவிடப்பட்ட ஆபத்தைப் பலர் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

எல்லாக் கூட்டும் வெற்றியல்ல

பணம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் 'மனித மூளைத் திட்டம்' என்ற மாபெரும் முயற்சியை ஆரம்பித்தது. பத்து வருடத்துக்குள் முழு மனித மூளையையும் கணினிக்குள் உருவாக்கிக் காட்டுவதாகப் பெரும் வாக்குறுதி அளிக்கப்பட்டது. மறு வருடமே நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் அதன் நோக்கத்தையும் நிர்வாகத்தையும் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினர். 2015இல் நிர்வாகம் மாற்றப்பட்டது. 2023இல் திட்டம் முடிவடைந்தபோது சுமார் 60 கோடி யூரோ செலவாகியிருந்தது. பயனுள்ள வரைபடங்களும் கணினி வசதிகளும் மிஞ்சின. வாக்களித்த மூளை மட்டும் வரவில்லை. அட்னியோ சுகப்படுத்துவதாகச் சொல்லவேயில்லை. அளந்து காட்டுகிறோம் என்று மட்டும் சொன்னது. சொன்னதைச் செய்தது.

அரசாங்கத்தின் பணமும் எப்போதும் ஒரே அளவில் வருவதில்லை. பிரெய்ன் முன்முயற்சிக்கு 2023ஆம் நிதியாண்டில் கிடைத்த 68 கோடி டொலர், 2024இல் 40 கோடி டொலராகக் குறைந்தது. விஞ்ஞானிகள் தவறு செய்ததால் வந்த குறைப்பல்ல இது. வரவு செலவுத் திட்டக் கணக்கு மாறியதால் வந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துபவரின் நிலைதான் ஒரே பெட்டியை நம்பும் ஆய்வுக்கும்.

மற்றொரு குறையும் உண்டு. அட்னியில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நன்கு படித்த வெள்ளையின அமெரிக்கர்கள். ஒரே வகைச் சரக்கை நிறுத்துச் சரிபார்த்த தராசு வேறு சரக்குக்கும் சரியாக நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. இதனை உணர்ந்து, 2022இல் ஆரம்பித்த நான்காவது கட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்படுவோரில் அரைவாசிக்கு மேல் இதுவரை விடுபட்ட சமூகத்தினராக இருக்க வேண்டும் என்ற இலக்கு வைக்கப்பட்டது. எம்மைப் போன்ற நாட்டவரின் பெற்றோருக்கும் இக்கேள்வி பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எழுதாமல் விட்ட பக்கம்

இனி, இக்கதையின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். லெகனெமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு வருடமொன்றுக்கு 26,500 டொலர். 2024 ஆகஸ்டில் பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அதற்கு அனுமதி வழங்கிய அதே நாளில், கிடைக்கும் பயனுக்கு இந்தச் செலவு தகாது என்று அந்நாட்டின் சுகாதார மதிப்பீட்டு நிறுவனம் தனது வரைவு முடிவில் கூறியது. செல்வந்த நாட்டின் அரச வைத்தியசேவையே தயங்கும் விலையை ஏனைய நாடுகளின் சாதாரண குடும்பம் எவ்வாறு கொடுக்கும்?

இதற்கு ஒரு வாதம் உண்டு. தராசுக்கான செலவில் பெரும்பகுதி வரி செலுத்திய மக்களின் பணம். தமது உடலைக் கொடுத்தவர்களும் மக்களே. பிறகு மருந்தை வாங்கும்போதும் அதே மக்கள் முழு விலையைக் கொடுக்கிறார்கள். எனவே பங்காளிக்குரிய கழிவு எங்கே என்று கேட்கிறார்கள். மறு தரப்பும் சும்மா இருக்கவில்லை. தராசு பொதுவாக இருந்தாலும் தோற்றுப்போன நூற்றுக்கணக்கான மருந்துகளின் நட்டத்தைச் சுமந்தவர்கள் கம்பனிகளே, அந்த நட்டம் எங்கிருந்து ஈடுசெய்யப்படும் என்று அவை கேட்கின்றன. இரண்டிலும் நியாயம் உண்டு.

இது புதிய வழக்கல்ல. 1987இல் எயிட்ஸ் நோய்க்கு வந்த முதல் மருந்தின் விலை பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. அதன் பின்னர் 1989இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கம்பனிகளுடன் செய்யும் கூட்டு ஆய்வு ஒப்பந்தங்களில், விலை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. விளைவு என்ன? கம்பனிகள் கூட்டுச் சேரவே பின்வாங்கின. 1995இல் அப்போதைய தலைவர் ஹெரல்ட் வார்மஸ் அந்த நிபந்தனையை நீக்கினார். அதன் பின் ஒப்பந்தங்கள் அதிகரித்தன. நிபந்தனை வைத்தால் பங்காளி வருவதில்லை, வைக்காவிட்டால் விலையைக் கேட்க வாயில்லை. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. அட்னி போன்ற கூட்டுகள் விலையைத் தமது வரம்புக்கு வெளியே வைத்தபடியால்தான் இருபது கம்பனிகளை ஒன்று சேர்க்க முடிந்தது. அதே காரணத்தால் இறுதி விலை பற்றி அவற்றால் எதுவும் சொல்லவும் முடியாது.

எமது வர்த்தகர்களுக்கு

மருந்துக் கம்பனிகளின் கோடிகள் எமது கைக்கு எட்டாதவை. ஆனால் அவர்கள் கூட்டுச் சேர்ந்த முறை எட்டாததல்ல. சிறு வர்த்தகர்கள் சேர்ந்து ஒரு பொது ஆய்வுகூடமோ களஞ்சியசாலையோ தரச்சான்றோ ஏற்படுத்த நினைத்தால் பின்வரும் விடயங்களை முதலில் மேசையில் வைக்கலாம்.

எது பொது, எது தனி என்பதை முதல் நாளே பிரித்து எழுதுங்கள். யாரும் தனியே செய்ய முடியாததும், தனியே செய்தால் யாரும் நம்பாததும் பொதுவுக்கு உரியவை. வாடிக்கையாளரும் சரக்கும் விலையும் அவரவருக்கு உரியவை. பணத்தை எந்தப் பங்காளியின் கையிலும் வைக்காமல், எல்லோரும் ஏற்கும் நடுநிலையான ஒருவரிடம் வையுங்கள். இலக்கைச் சிறிதாகவும் அளக்கக் கூடியதாகவும் வையுங்கள். ஒருவர் விலகினாலும் கூட்டு நிலைக்கும்படி பணம் வரும் வழிகளை ஒன்றுக்கு மேற்பட்டதாக்குங்கள். பணம் போடாமல் உழைப்பையோ நம்பிக்கையையோ போட்டவரையும் பங்காளியாகக் கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாக, பயன் வந்த பிறகு அதை எப்படிப் பகிர்வது என்பதைப் பயன் வருமுன்னரே பேசிக்கொள்ளுங்கள். அது சங்கடமான பேச்சுத்தான். சிலர் அதனாலேயே விலகிப் போகவும் கூடும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாத பங்கைப் பிறகு கேட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை, 26,500 டொலர் மருந்துச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைத் தந்தைக்கு அடையாளம் தெரியாமல் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மகனிடம் கேட்டால் தெரியும்.